சிட்டைக் கொப்பியின் கடைசிப் பக்கம்

நெல்லுச் சுணைக்கு இந்த மில்லில் எல்லாரும் சொறிவார்கள்.
மூட்டை இறக்கும் நௌபீஸ்
மாடு மாதிரிக் கழுத்தைத் தூணில் உரசுவான்.
நான் தொடையைச் சொறிந்தால்
சம்மாந்துறையில் எவரும் ஏனென்று கேட்பதில்லை.

ஒளிக்க நல்ல இடம்.

வியாழன் இரவில்தான் ஊசி.
வெள்ளி மில் பூட்டு.
குமட்டலை ஜும்ஆவுக்கு முன்னும் பின்னுமாக
வீட்டுக்குள்ளேயே செலவழித்துவிடலாம்.
சனிக்கிழமை விரல்கள் மடங்கவேண்டும்,
தராசடியில் நிற்கவேண்டும்,
ஈரம் பதினாலா பதினாறா என்று
வேளாண்மைக்காரரோடு வாய் காட்டவேண்டும்.

முதல் மாதம் ஒன்றும் தெரியாது.
பிரிட்ஜில் இருந்து எடுத்த கையோடு,
ஸ்பிரிட் காயமுதல் குத்தினேன்.
போன வழியெல்லாம்
மிளகாய்க் கை கண்ணில் பட்ட எரிவு.
அம்பாறை ஆஸ்பத்திரி மிஸ்ஸி
பாதிச் சிங்களத்தில் ஏசினா:
"ஐயோ நானா, மருந்துக்கும் குளிரும்தானே,
அரை மணித்தியாலம் வெளிய வைங்க."

இப்போது நான் இஷா தொழுது முடிக்கும்வரை
அது மேசையில் கிடந்து மனுசச் சூட்டுக்கு வரும்.
ஜெஸூறா பார்க்கமாட்டாள்.
குசினிக்குப் போய்ப் பைப்பைத் திறந்துவிடுவாள்,
சத்தம் கேளாமல் இருக்க.
ஊசிக்கு ஏது சத்தம் என்றால்
"உங்கட மூச்சுக்கு இரிக்கி" என்பாள்.

விடியமுதல் எழும்பிவிடும்.
தேத்தண்ணிப் பீரிசு அளவில்,
சிவந்து, சுட்டு, ஓரம் தடித்து.
மகள் ஹம்னா நீலப் பேனையால்
அதைச் சுற்றி வரம்பு கட்டுவாள்.
"கோட்டைத் தாண்டினா சொல்லணும் வாப்பா."
ஒருமுறை தாண்டியது.
நடுச்சாமத்தில் ஆட்டோ, குளிசை,
அதே மிஸ்ஸி, அதே ஏச்சு.
மற்ற இரவுகளில் ஈரச்சீலைதான்.
கைகளைத் தலையணைக்கடியில் பூட்டி உறங்க
நாற்பத்துமூன்று வயதில் பழகினேன்.

வயல் மாதிரி இல்லை தோல்.
அடுத்தடுத்து ஒரே இடத்தில் இறக்கினால்
கட்டி விளையும்.
அதனால் சிட்டைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
குறித்துவைத்தேன்:
இ.தொ. 1
வ.தொ. 1
இ.வ. 1
திகதி, என் கையெழுத்து.

அறுவடைக் காலத்தில்
மஃறூப் ஹாஜியாரின் கையில் கொப்பி அகப்பட்டது.
"இதென்ன கள்ளக் கணக்கு?
இ.தொ. ஆரு?
கிழமைக்கு ஒரு மூட்டை
ஆருக்குப் போகிது?"

வாய் வரவில்லை.
சாறனைத் தொடைவரை உயர்த்தினேன்.

நீலக் கோட்டுக்குள் இந்தக் கிழமையின் சிவப்பு.
பக்கத்தில் முந்தினதின் மஞ்சள்,
அதற்கும் முந்தினதின் கரும்பச்சை.
ஆடிக்கொண்டிருந்த தராசுத் தட்டு
மெல்ல நின்றது.

"கடிக்கிமா?"
"கடிக்கும் ஹாஜியார்."
"சொறியிறல்லியா?"
"இல்ல."
"நான் எண்டா சொறிவன்" என்றார்.
வேறொன்றும் கேட்கவில்லை.
சம்பளமும் கூட்டவில்லை.
லொறி வந்தது, போய்விட்டார்.

அடுத்த வியாழன் எழுதப்போய்ப் பார்க்கிறேன்,
ஒவ்வொரு வரிக்கும் நேரே
வருசக் கடைசியில் கணக்குக்குப் போடுகிற
அதே சிவப்பு மைச் சரி.
இருபத்தேழு ஊசிக்கும்.
ஒன்றில் நான் திகதி பிழையாக எழுதியிருந்தேன்.
அதை வெட்டித் திருத்தி,
பக்கத்தில் ஒப்பமும் வைத்திருந்தார் மனுசன்.

இன்றைக்கும் வியாழன்.
கரண்ட் போய்விட்டது. விளக்கடியில்
மருந்து குளிர்விட்டுக் கிடக்கிறது.
பஞ்சு தடவிய இடம் காயட்டும்,
அவசரமில்லை.
வலது வயிறே, உன்னுடைய முறை.
ஜெஸூறா,
பைப்பைத் திற.